சிவந்து தெரியும் விண்மீன்: காரணம் தூசியா, இயல்பா?

2014 ஜனவரி 21 அன்று லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் வானாய்வகத்தில், ஸ்டீவ் ஃபாசி என்ற ஆசிரியர் தம் மாணவர்களுக்குத் தொலைநோக்கியைக் கையாளக் கற்பித்துக்கொண்டிருந்தார். மேகம் சூழ்ந்து வந்ததால், தெளிவாக இருந்த பகுதியில் தெரிந்த எம்82 என்னும் விண்மீன் திரளை நோக்கித் தொலைநோக்கியைத் திருப்பினார். அங்கே, பழைய படங்களில் இல்லாத ஓர் ஒளிப்புள்ளி! வகுப்பு வேளையில் கண்டறியப்பட்ட அந்த வெடிப்புக்கு எஸ்என் 2014ஜே என்று பெயரிடப்பட்டது.

இது 'ஐஏ' வகை சூப்பர்நோவா. வெண் குறுமீன் எனப்படும் முதிர்ந்த விண்மீன் வெடிப்பதால் தோன்றுவது. இவ்வகை வெடிப்புகளின் உண்மையான ஒளி அளவை ஓரளவு துல்லியமாகக் கணிக்கலாம். ஒரே வாட் திறனுள்ள தெருவிளக்குகளில் மங்கலாகத் தெரிவது தொலைவில் உள்ளது என்று நாம் அறிவதுபோல, இவற்றைக் கொண்டு விண்மீன் திரள்களின் தொலைவை அளக்கிறார்கள்.

ஆனால் இடையில் தூசி இருந்தால்? வரும் ஒளியில் நான்கில் மூன்று பங்கைத் தூசி தடுத்துவிட்டால், வெடிப்பு உண்மைத் தொலைவைப்போல் இரு மடங்கு தூரத்தில் இருப்பதாகக் கணக்கு வரும்.

நல்லவேளையாக, தூசி தடயம் விட்டுச் செல்கிறது. அது நீல ஒளியை அதிகமாகவும் சிவப்பு ஒளியைக் குறைவாகவும் தடுக்கிறது. இதை வகுப்பறையிலேயே காட்டலாம். கண்ணாடிக் குவளை நீரில் சில சொட்டுப் பால் கலந்து, ஒருபுறமிருந்து வெள்ளை டார்ச் ஒளியைச் செலுத்துங்கள். எதிர்ப்புறத்தில் வெண்தாள் ஒன்றைப் பிடித்தால், அதில் விழும் ஒளி மங்கலாகவும் சற்றே செம்மஞ்சளாகவும் இருக்கும்.

அப்படியானால், எவ்வளவு சிவந்திருக்கிறது என்று பார்த்து எவ்வளவு மங்கியது என்று கணக்கிட்டுவிடலாமே? இங்குதான் இரண்டு சிக்கல்கள். முதலாவது, சில வெடிப்புகள் இயல்பாகவே சற்றுச் சிவந்தவை. அந்தச் சிவப்பையும் தூசியின் கணக்கில் சேர்த்தால் திருத்தம் மிகையாகி, தொலைவு குறைந்துவிடும். இரண்டாவது, எல்லாத் தூசியும் ஒன்றல்ல. மங்கலுக்கும் சிவத்தலுக்கும் உள்ள விகிதம் நம் பால்வழித் திரளில் சராசரியாக 3.1. எஸ்என் 2014ஜே-யின் ஒளி வந்த பாதையிலோ அது ஏறத்தாழ 1.4 மட்டுமே.

இவற்றைப் பிரித்தறியப் புற ஊதாக் கதிர் முதல் அகச்சிவப்புக் கதிர் வரை பல அலைநீளங்களில் அளக்கிறார்கள். அகச்சிவப்பைத் தூசி குறைவாகவே பாதிக்கும்.

இது வெறும் நுணுக்கம் அன்று. பேரண்டம் முடுக்கத்துடன் விரிவடைகிறது என்று 1998-இல் அறிவிக்கப்பட்டதற்கு, தொலைதூர ஐஏ வெடிப்புகள் எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருந்ததே சான்று. 'தூசியால் மங்கியிருக்கலாமே' என்ற ஐயத்தை நிறங்களை ஒப்பிட்டுச் சோதித்த பின்பே அம்முடிவு வலுப்பெற்றது. 2011-இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது.

ஒளி மூலம் பாடத்தின்போது மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள்: ஒரு விளக்கு மங்கலாகத் தெரிய எத்தனை காரணங்கள் இருக்கலாம்? ஒவ்வொன்றையும் எப்படிச் சோதிப்பாய்? விடையைவிட அந்தச் சோதனை முறையே அவர்கள் கற்க வேண்டிய அறிவியல்.