ஒரே வலையில் எல்லாம் இருந்தால்

கடை, கிளினிக், டியூஷன் சென்டர் எதுவானாலும் பெரும்பாலும் ஒரே இணைய இணைப்புதான். பில் போடும் கணினி, சிசிடிவி ரெக்கார்டர், பிரிண்டர், வருகிறவர்களின் செல்போன் எல்லாம் அதே ரவுட்டரில் சேர்ந்துவிடுகின்றன. நடுவில் சுவிட்ச் இருக்கிறது, ஒவ்வொரு கருவிக்கும் உரியதை அது பிரித்துத்தான் அனுப்புகிறது, எனவே பயமில்லை என்று பலர் நம்புகிறார்கள். இது பாதி உண்மை. எந்த போர்ட்டில் எந்தக் கருவி இருக்கிறது என்பதை கருவியின் வன்பொருள் அடையாளமான மேக் (MAC) முகவரியை வைத்து சுவிட்ச் தெரிந்துகொள்கிறது. வரும் டேட்டாவை உரிய போர்ட்டுக்கு மட்டும் தள்ளுகிறது. பழைய ஹப் எல்லாவற்றையும் எல்லோருக்கும் கொட்டியது. ஆனால் சாதாரண சுவிட்ச் இப்படிப் பிரிப்பது நெரிசலைக் குறைக்கத்தான். யார் யாரோடு பேசலாம் என்று அது விசாரிப்பதில்லை. கேமரா பில் கணினியைத் தேடிப் போனால் அதையும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். இன்னொரு கருவியின் முகவரியைக் கேட்டு ஒரு கருவி அனுப்பும் பிராட்காஸ்ட் எல்லா போர்ட்டுக்கும் போகும். அதற்குப் பொய்ப் பதில் கொடுத்து, அடுத்தவருக்குரிய டேட்டாவைத் தன் வழியாகத் திருப்பிக்கொள்ளவும் முடியும்.

இது வெறும் ஊகமல்ல. 2013-இன் இறுதியில் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் சுமார் 4 கோடி கார்டுகளின் விவரம் திருடு போனது. திருடர்கள் நுழைந்தது கல்லாப் பக்கம் அல்ல. குளிர்சாதன வேலை செய்த ஒப்பந்ததாரரிடம் திருடிய லாகின் வழியாக. அங்கிருந்து கார்டு தேய்க்கும் கருவிகள் வரை அவர்களால் போக முடிந்தது. மிக முக்கியமான பகுதிகளை டார்கெட் சரியாகத் தனிமைப்படுத்தவில்லை என்று செனட் குழு ஒன்றின் 2014 அறிக்கை சுட்டிக்காட்டியது. 2016-இல் மிராய் என்ற தீநிரல், கம்பெனி போட்ட பாஸ்வேர்டே மாறாமல் கிடந்த கேமராக்களையும் ரவுட்டர்களையும் ஏராளமாகக் கைப்பற்றியது. இத்தகைய கேமரா உங்கள் பில் கணினியோடு ஒரே வலையில் இருந்தால், அடுத்த அடி எடுத்துவைப்பது எளிது.

பிரிக்கும் வேலையை விதிகளோடு செய்ய வேண்டும். மேனேஜ்டு சுவிட்சில் விலான் என்ற வசதியால் ஒரே பெட்டியைத் தனித்தனி வலைகளாக்கலாம். ஒரு வலையிலிருந்து இன்னொன்றுக்குப் போக ரவுட்டரைத் தாண்ட வேண்டும். அங்கே எதை விடுவது, எதைத் தடுப்பது என்று விதி போடலாம். சிறு கடைக்கு இந்தச் செலவு எதற்கு என்பது நியாயமான கேள்வி. இப்போதைய வீட்டு ரவுட்டர்கள் பலவற்றில் கெஸ்ட் வைஃபை கூடுதல் செலவின்றியே இருக்கிறது. வாடிக்கையாளர்களின் போனையும் வைஃபை கேமராக்களையும் அதில் விட்டாலே ஆபத்து பெருமளவு குறையும். ஆனால் பெயர் மட்டும் வேறாக இருந்தால் போதாது. உள் வலையை கெஸ்ட் தொடக்கூடாது என்ற அமைப்பு இயங்குகிறதா என்று பாருங்கள். பிரிண்டர் போனுக்குத் தெரியாமல் போகும் என்ற குறை உண்மைதான். அந்த ஒன்றுக்கு மட்டும் வழி திறந்தால் போதும். எல்லாவற்றையும் ஒன்றாக்க அது காரணமாகாது. வைரஸ் தடுப்பு மென்பொருள் போதும் என்பதும் பொருந்தாது, கேமராவிலும் ரெக்கார்டரிலும் பொதுவாக அதை நிறுவவே முடியாது.

சட்டப் பக்கமும் இருக்கிறது. ரவுட்டருக்குப் பின்னால் எத்தனை கருவி இருந்தாலும் வெளியே தெரிவது பெரும்பாலும் ஒரே ஐபி முகவரி. விசாரணை முதலில் சந்தாதாரரிடம்தான் வரும். 2008 அகமதாபாத் குண்டுவெடிப்பை ஒட்டி வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் பாஸ்வேர்டு இல்லாத ஒரு வைஃபை வழியாகப் போனதால், அந்த இணைப்பின் சொந்தக்காரர் விசாரிக்கப்பட்டார். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாக் கருவிக்கும் ஒரே பொதுப் பாஸ்வேர்டு போட்டு விற்பதைச் சட்டமே தடுக்கிறது. இந்தியாவில் வாங்குபவரும் கேட்டுவிட வேண்டும்: ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டை எனக்குக் கொடுங்கள், மென்பொருள் அப்டேட் எத்தனை ஆண்டு வரும் என்று எழுதித் தாருங்கள் என்று. சேவையில் குறை இருந்து நிறுவனம் தட்டிக்கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. இணைய மோசடியில் பணம் பறிபோனால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பதற்றத்தில் ரவுட்டரை ரீசெட் செய்துவிட வேண்டாம். யார், எப்போது இணைந்தார்கள் என்ற பதிவு அதில் இருந்தால் அழிந்துபோகும். இணைய கேபிளை மட்டும் கழற்றிவிட்டு, திரையில் தெரியும் இணைப்புப் பட்டியலைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.