முன்னோட்ட வெளியீடும் தமிழ்ப் பயனரும்: லினக்ஸ் பீற்றாச் சோதனை பற்றிய ஒரு நோக்கு

நூலொன்று வெளிவருவதற்கு முன்னர் அதன் அச்சுப்படியை மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழை களைவது பதிப்புத்துறையில் நன்கறியப்பட்ட பணியாகும். அதனைச் செய்வோரின் பெயர் பெரும்பாலும் நூலில் இடம்பெறுவதில்லை. எனினும் நூலின் நம்பகம் அவர்களது கண்களிலேயே தங்கியுள்ளது. மென்பொருளுலகில் இப்பணிக்கு நிகரானது 'பீற்றா' எனப்படும் முன்னோட்ட வெளியீட்டைச் சோதித்தலாகும். மேசைக் கணினிகளுக்கான லினக்ஸ் வழங்கலொன்றை இவ்வாறு சோதிப்பதில் தமிழ் பேசுவோருக்கு உள்ள பங்கினை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

லினக்ஸ் என்பது, கண்டிப்பாகக் கூறின், இயங்குதளத்தின் கருப்பகுதி மட்டுமே. ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் அதனை வெளியிட்டார். அதற்கு எட்டாண்டுகளுக்கு முன்னரே றிச்சார்ட் ஸ்டோல்மன் தொடங்கிய குனூ திட்டத்தின் கருவிகளும், திரைச்சூழலும், எழுத்துருக்களும், அலுவலக மென்பொருள்களும் அக்கருவோடு சேர்த்துத் தொகுக்கப்படும்போதே 'வழங்கல்' உருவாகின்றது. 1993இல் தோன்றிய டெபியனை அடியாகக் கொண்டு 2004இல் உபுண்டு எழுந்தது. ஃபெடோராவை அடியாகக் கொண்டு, பேராதனையை அடுத்த மலைத்தொடரின் பெயரைத் தாங்கி, ஹந்தான லினக்ஸ் இலங்கையில் ஒருகால் வெளிவந்தது. வாய்க்காலின் தலைமடையில் நேர்ந்த கலங்கல் கடைமடை வயல்வரை செல்லுமாப்போல, மூல வழங்கலில் தங்கிய வழு அதன் கிளைகள் அனைத்தையும் சென்றடையும். அங்கே திருத்தப்படின் திருத்தமும் அவ்வாறே பரவும்.

உபுண்டு ஆண்டுதோறும் ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் வெளியாகின்றது. குறித்த நாளுக்குச் சில கிழமைகளின் முன் புதிய வசதிகளைச் சேர்ப்பது நிறுத்தப்படும். அதன்பின் திரையிற் காணும் சொற்களும் உறையவைக்கப்படும். இவ்வுறைவுக்குப் பின் வருவதே பீற்றா. அதாவது, பொருளின் உருவம் ஏறத்தாழ முடிந்துவிட்டது. குற்றங்களை எடுத்துரைக்க இன்னும் இடமுண்டு. டெபியன் முன்கூட்டி நாட்குறிக்கும் வழக்கத்தைக் கொள்ளாது, வெளியீட்டைத் தடுக்கும் பாரிய வழுக்கள் தீர்ந்த பின்னரே வெளியிடும். எம்முறையாயினும், வெளியீட்டுக்குப்பின் வரும் முறைப்பாடு அதற்கு முன் வரும் முறைப்பாட்டின் வலுவைப் பெறுவதில்லை.

இச்சோதனையின் பெறுமதியை 2024இல் நிகழ்ந்த ஒன்று உலகுக்கு உணர்த்தியது. மைக்ரோசொப்ட் நிறுவனப் பொறியியலாளரும் போஸ்ற்கிரெஸ் தரவுத்தளத்தின் ஆக்குநருள் ஒருவருமான அன்ட்ரஸ் ஃபுறொயின்ட், டெபியனின் முன்னோட்டக் கிளையொன்றைப் பயன்படுத்துகையில், தொலைக் கணினியுள் நுழைவதற்கு வழமையிலும் அரை விநாடி கூடுதலாகச் செல்வதை அவதானித்தார். அதன் காரணத்தைத் தேடிச் சென்றபோது, எக்ஸ்ஸெட் எனும் சுருக்கு மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் களவாக ஒரு புறவாயில் அமைக்கப்பட்டிருந்தமை தெரியவந்தது. நீண்டகாலம் பங்களித்து நம்பிக்கையைப் பெற்ற, உண்மை அடையாளம் தெரியாத ஒருவரின் வேலை அது. மார்ச் 29இல் செய்தி வெளியாயிற்று. உபுண்டு 24.04இன் பீற்றா ஒரு கிழமை பிற்போடப்பட்டு, பொதிகள் மீளக் கட்டப்பட்டு, ஏப்ரல் 11இல் வெளிவந்தது. பெரும்பாலான நிலையான வெளியீடுகளை அந்நஞ்சு எட்டவில்லை. 'அரை விநாடிதானே' என்று அவர் விட்டிருப்பின் நிலைமை வேறாயிருக்கும்.

கால தாமதத்தை எந்த மொழியினரும் உணரலாம். ஆனால் ஓர் எழுத்து பிழைபட்டிருப்பதை அம்மொழியை வாசிப்பவரே உணர்வர். திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடியில் வெருகலை அடுத்துள்ள ஈச்சிலம்பற்றின் பெயரையே சோதனைச் சொல்லாகக் கொள்வோம். தமிழ் இலக்கணத்தின்படி இதில் எட்டு எழுத்துகள் உள. ஒருங்குறி முறையிலோ மெய்யெழுத்து ஒவ்வொன்றும் அகரமேறிய எழுத்தும் புள்ளியுமாகவும், உயிர்மெய் எழுத்தும் குறியுமாகவும் பிரிக்கப்படுவதால் அதே சொல் 13 குறியீடுகளாகின்றது. யூரிஎஃப்-8 முறையிற் சேமிக்கும்போது 39 பைற்றுகள் ஆகின்றது. எட்டு, பதின்மூன்று, முப்பத்தொன்பது என்னும் இம்மூன்று எண்ணிக்கைகளுக்கும் இடையிலேதான் தமிழ் வழுக்களிற் பல குடியிருக்கின்றன. பின்னழி விசையை ஒருமுறை அழுத்தினால் 'று' முழுவதும் போகின்றதா, உகரக் குறி மட்டும் போகின்றதா? நிரலுக்கு நிரல் இது வேறுபடுகின்றதா? ஒடுங்கிய பெட்டியொன்றிற் பெயர் அடங்காதபோது எழுத்தின் நடுவே வெட்டப்பட்டுப் புள்ளி தனித்து நிற்கின்றதா? பீற்றாவைத் திறந்து பத்து நிமிடத்திற் பார்த்துவிடக்கூடியவை இவை.

அகரவரிசை இன்னுமொரு களம். குறியீட்டெண் வரிசையை அப்படியே பின்பற்றும் நிரலில் னகரம் பகரத்துக்கு முன்னும், றகரம் லகரத்துக்கு முன்னும் வந்துவிடும். 'க்' என்பது 'கௌ'வுக்கும் பின்னே தள்ளப்படும். நமது நெடுங்கணக்கு இதுவன்று. தேடலிலும் ஒரு சிக்கல் உண்டு. 'கொ' என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். எகரக் குறி, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. நிரல் அவற்றை ஒன்றாக்கிப் பார்க்காவிடின் கணினிக்கு அவை இருவேறு சொற்கள். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இலங்கைக் கரையோரத்தைத் தாக்கியபோது, இந்நாட்டுத் தன்னார்வலர்கள் சஹானா என்னும் கட்டற்ற மென்பொருளை உருவாக்கினர். காணாமற்போனோரைப் பதிதலும் அதன் பணிகளுள் ஒன்று. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருதை 2006ஆம் ஆண்டுக்கு அது பெற்றது. அத்தகைய பதிவேடொன்றில் 'கோமதி' என்ற பெயர் இருந்தும் தேடுபவருக்கு அகப்படாது போகுமாயின் அதனைச் சிறு வழுவென எவரும் கூறார்.

மொழிபெயர்ப்பைச் சோதிப்பதே தமிழ் பயின்றோருக்கு மிகவும் உரியதெனக் கருதுகின்றேன். மொழிபெயர்ப்பாளர் பெரும்பாலும் சொற்களைத் தனித்தனியே, இடஞ்சுட்டாத பட்டியலாகவே காண்கின்றார். ஆங்கிலத்தில் 'ஃபிறீ' என வருவது விலையின்மையா, கட்டின்மையா, வட்டில் எஞ்சிய வெற்றிடமா? 'ஓப்பின்' என்பது 'திற' என்னும் ஏவலா, 'திறந்த' என்னும் பெயரெச்சமா? ஓடும் திரையிலே காணும்போதுதான் விடை தெரியும். இதனிலும் ஆழமானது வேற்றுமைச் சிக்கல். கோப்பின் பெயரை இடையிற் செருகி வாக்கியம் அமைக்கும் அச்சுகள் ஆங்கில இலக்கணத்துக்கு ஏற்பச் செய்யப்பட்டவை. அவற்றில் 'ஐ' உருபை ஒட்டிவைத்தால் 'கடிதத்தை' என்பதற்குப் பதிலாகக் 'கடிதம்ஐ' என்றும், 'வீட்டை' என்பதற்குப் பதிலாக 'வீடுஐ' என்றும் திரையில் தோன்றும். சாரியையும் திரிபும் அறியாத அச்சுக்குத் தமிழைப் பலியிடுவதிலும், 'திறக்கப்படும் கோப்பு: கடிதம்' என வாக்கியத்தையே மாற்றியமைப்பது நன்று. இதனை எடுத்துரைக்க நிரலாக்கம் தெரிந்திருக்க வேண்டியதில்லை; எழுவாய் பயனிலை தெரிந்தாற் போதும்.

ஈழத்தவர் தனியே கவனிக்க வேண்டியனவும் உள. தமிழகத்தில் 1999இல் தமிழ்99 விசைப்பலகை அரசின் ஏற்பைப் பெற்றது. இலங்கையிலோ எஸ்எல்எஸ் 1326 என்னும் 2008ஆம் ஆண்டுத் தரநிர்ணயம் ரங்கநாதன் விசையமைப்பைத் தழுவியது. இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ் என இட அமைப்புகள் இரண்டிருப்பினும் திரைச் சொற்களின் மொழிபெயர்ப்பு பெரும்பாலும் ஒன்றே. இலட்சம், கோடி என இந்திய முறையில் காற்புள்ளி இடுவதா, மில்லியன் கணக்கில் இடுவதா என்பது போன்றவற்றை இங்கிருப்பவர் பாராவிடின் பார்ப்பார் இல்லை.

செய்முறை எளிது. உபுண்டு 24.04இன் கோப்பு ஏறத்தாழ ஆறு கிகாபைற்று. இணைப்பு நலிந்த ஊர்களில் ஒருவர் நகரில் இறக்கிப் பென் ட்ரைவிற் கொண்டுவருவதே நடைமுறை. சரிபார்ப்பெண்ணை ஒப்பிட்டு, கோப்பு பழுதின்றி வந்துள்ளதை முதலில் உறுதிசெய்தல் வேண்டும். பென் ட்ரைவிலிருந்தே தொடக்கினால் கணினியின் வட்டில் எதையும் நிறுவாமல் பார்க்கலாம். நிறுவிப் பார்ப்பதாயின் உபரியான பழைய கணினியே தக்கது. ஆய்வேடு இருக்கும் கணினியைத் தொடலாகாது. பழைய கணினி இருப்பது ஒருவகையில் நன்மையே. ஆக்குநரின் மேசையிலே புதிய பொறிகள் உள்ளன. பத்தாண்டு பழைய பொறியில் ஒலி எழுகின்றதா, அச்சுப்பொறி அசைகின்றதா என்பதை அதனை வைத்திருப்பவரே கூறமுடியும்.

வழுவறிக்கையில் செய்தது யாது, எதிர்பார்த்தது யாது, நிகழ்ந்தது யாது என்னும் மூன்றும் இருக்கவேண்டும். பதிப்பெண்ணும் மீண்டும் நிகழ்த்திக் காட்டும் வழியும் வேண்டும். 'தமிழ் சரியாக வரவில்லை' என்னும் முறைப்பாட்டை எவராலும் திருத்த இயலாது. 'ஈச்சிலம்பற்று எனத் தட்டெழுதிப் பின்னழி விசையை அழுத்தியபோது எழுத்து இவ்வாறு சிதைந்தது' என்பதைத் திருத்தலாம்.

இவ்விடத்தில் முற்போக்கு நண்பர்கள் ஒரு வினாவை எழுப்புவதுண்டு: உபுண்டுவின் பின்னே ஒரு வணிக நிறுவனம் இருக்க, அதற்கு ஊதியமற்ற உழைப்பை நல்குவது ஏன்? வினா நியாயமானதே. ஆயினும் இவ்வழங்கல்களின் பெரும்பகுதி குனூ பொது உரிமம் போன்ற கட்டற்ற உரிமங்களின்கீழ் வருவதால், திருத்தம் எந்நிறுவனத்தின் தனிச் சொத்தாகவும் முடங்குவதில்லை. என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. அறிக்கைகள் யாவும் ஆங்கிலத்திலேயே எதிர்பார்க்கப்படுகின்றன. வழுவைக் காணும் ஆசிரியர் ஈச்சிலம்பற்றிலும், அதனை எழுதவல்ல மாணவர் பல்கலைக்கழக விடுதியிலும் இருப்பாராயின், இருவரையும் இணைக்கும் வேலையைத் தமிழ்ச் சங்கங்கள் ஏற்கலாம். ஆசிரியர் தம் மொழியிற் கூற மாணவர் எழுதி அனுப்பலாம். நெடுங்கால ஆதரவுடைய உபுண்டுப் பதிப்புகள் இரட்டையெண் ஆண்டுகளின் ஏப்ரலில் வருவன. பாடசாலைகள் போன்ற இடங்களில் நிறுவத் தக்கவை அவையே. அவற்றின் பீற்றாவிற் காணாமல் விட்ட திரைச்சொல்லொன்று, இடையில் எவரும் திருத்தாவிடின், அடுத்த பதிப்பு வரும்வரை ஈராண்டுகள் மாணவர் கண்முன்னே நிற்கும்.