நாட்கணக்கும் திங்கட்கணக்கும்: கருவின் முப்படைத் தோற்றம் குறித்த ஒரு விளக்கம்

ஒரு பெண் கருவுற்றிருப்பதைக் குறிக்கத் தமிழில் வழங்கும் தொடர்களுள் ‘நாள் தள்ளியிருக்கிறது’, ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்னும் இரண்டும் கருதத்தக்கவை. இவ்விரண்டும் கருவைப் பற்றி ஒன்றும் கூறுவதில்லை. வரவேண்டிய மாதவிலக்கு வரவில்லை என்பதை மட்டுமே கூறுகின்றன. பிரிஞ்சாங் வட்டாரத்துத் தேயிலைத் தோட்டங்களிலும் காய்கறித் தோட்டங்களிலும் வாழும் நம் பெண்டிரிடையே இவ்வழக்குகள் இன்றும் உயிருடன் உள்ளன. அவர்கள் ‘நாள் தள்ளிவிட்டது’ என்று உணரும் வாரத்திலும் அதனை அடுத்த வாரத்திலும் கருவினுள் நிகழ்வன யாவை என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. பிறக்கப்போகும் குழந்தையின் முதுகுத்தண்டு முறையாக மூடுமா, திறந்தே நின்றுவிடுமா என்பது அக்குறுகிய காலத்திலேயே முடிவாகிவிடுவதால், இவ்வினா உயிரியல் பாடநூலோடு நின்றுவிடுவதற்குரியதன்று.

கருவுறுதல் கருப்பையில் நிகழ்வதில்லை, கருக்குழாயில் நிகழ்கிறது. கருவுற்ற முட்டை ஏறத்தாழ முப்பது மணி நேரத்தில் இரண்டாகப் பிளவுறுகிறது. பின்னர் நான்காகி, எட்டாகி, மூன்றாம் நான்காம் நாள்களில் முசுக்கட்டைப் பழம் போன்றதோர் உயிரணுத் திரளாகிறது. ஐந்தாம் நாளளவில் அத்திரளினுள் நீர் நிறைந்து அது ஓர் உருண்டைப் பையாகிறது. பையின் சுவர் பிற்காலத்தில் நஞ்சுக்கொடியின் பெரும்பகுதியைத் தரவல்லது. உட்புறத்தே ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு அணுக்கூட்டமே குழந்தைக்குரியது. ஆறாம் ஏழாம் நாள்களில் இப்பை கருப்பைச் சுவரில் பதியத் தொடங்குகிறது. இரண்டாம் வார இறுதியில் அவ்வணுக்கூட்டம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த ஈரடுக்குத் தட்டாகக் காட்சி தருகிறது. தலை, கால், முதுகு, வயிறு எதுவும் இன்னும் இல்லை.

பதினைந்தாம் நாளளவில் இத்தட்டின் மேலடுக்கில், ஒரு முனையிலிருந்து நடுவை நோக்கி, மெல்லிய கோடு ஒன்று தோன்றுகிறது. கருவியலார் இதனை முதற்கோடு என்பர். மலைச்சரிவில் பெய்த மழைநீர் நாற்புறமிருந்தும் வடிகாலை நோக்கி ஓடி அதனுள் இறங்குவதைப் போல, மேலடுக்கின் அணுக்கள் இக்கோட்டை நோக்கி நகர்ந்து, அதன் வழியே கீழிறங்குகின்றன. முதலில் இறங்குவன கீழடுக்கில் இருந்த அணுக்களை அகற்றி அவ்விடத்தைத் தாம் பிடித்துக்கொள்கின்றன, இதுவே அகப்படை. அடுத்து இறங்குவன இடையில் பரவி இடைப்படையாகின்றன. இறங்காது மேலேயே தங்கிவிட்டவை புறப்படை எனப் பெயர்பெறும். ஆக, மூன்று படைகளும் ஒரே மேலடுக்கிலிருந்து பிறந்தவையே. எந்த அணு எப்போது இறங்கிற்று, எங்குச் சென்று நின்றது என்பதைப் பொறுத்தே அதன் வருங்காலம் அமைகிறது. முதற்கோடு தோன்றிய பின்னரே கருவுக்குத் தலைப்பக்கம், வாற்பக்கம், வலம், இடம் என்னும் திசைகள் உறுதிப்படுகின்றன.

முப்படைகளை முதன்முதலில் கோழிக்கருவில் கண்டு 1817இல் வெளியிட்டவர் கிறிஸ்டியன் பாண்டர். அவருடைய நண்பர் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயர் அக்கருத்தை 1828இல் முதுகெலும்புள்ள பிற உயிரினங்களுக்கும் விரித்துரைத்தார். ‘படை’ என்னும் தமிழ்க் கலைச்சொல் குறித்து ஒன்று கூறுதல் தகும். மாணவர்க்கு இச்சொல் முதலில் போர்ப்படையையே நினைவூட்டும். அடுக்கு, படலம் என்னும் பொருளும் அதற்குண்டு. ‘படை படையாக’ என்னும் வழக்கை நோக்குக. அணுக்கள் அணியணியாக நகர்ந்து இடம்பிடிக்கும் இந்நிகழ்ச்சிக்கு இரு பொருளும் பொருந்திவருவது தற்செயலாயினும் நன்றே.

புறப்படையிலிருந்து மேற்தோல், மயிர், நகம் ஆகியவற்றுடன் மூளையும் தண்டுவடமும் நரம்புகளும் தோன்றுகின்றன. இடைப்படை எலும்பு, தசை, இதயம், குருதி, சிறுநீரகம் ஆகியவற்றைத் தருகிறது. குடலின் உட்சுவரும் நுரையீரலின் உட்பூச்சும் கல்லீரலும் கணையமும் அகப்படையின் வழிவந்தவை. தோலும் மூளையும் உடன்பிறப்புகள் என்பது வியப்பூட்டும் செய்தி. மூளையாகப் போகும் பகுதி தொடக்கத்தில் முதுகின் மேற்பரப்பில் வெளியே விரிந்து கிடப்பதே. பின்னரே அது உள்ளே செல்கிறது. அது உள்ளே செல்லும் முறையில்தான் இடர் உள்ளது.

மூன்றாம் வாரத்தின் பிற்பகுதியில், முதுகின் நடுக்கோட்டை ஒட்டிய புறப்படை தடித்து நரம்புத் தகடாகிறது. வெற்றிலையின் இரு ஓரங்களையும் நீளவாக்கில் உயர்த்தி மடித்துச் சேர்த்தால் ஒரு குழல் உண்டாகுமன்றோ? அவ்வாறே இத்தகட்டின் இரு ஓரங்களும் எழுந்து, வளைந்து, நடுவில் சந்திக்கின்றன. சந்திப்பு ஏறத்தாழ இருபத்திரண்டாம் நாளில் கழுத்துப் பகுதியில் தொடங்கி மேலும் கீழுமாகப் பரவுகிறது. இதயம் துடிக்கத் தொடங்குவதும் ஏறக்குறைய அந்நாளிலேயே. தலைப்பக்கத் திறப்பு இருபத்தைந்தாம் நாளளவிலும் கீழ்த்திறப்பு இருபத்தெட்டாம் நாளளவிலும் மூடிவிடுகின்றன. தலைப்பக்கம் மூடாவிடின் மூளையும் மண்டையோடும் முழுமையுறாத குழந்தை பிறக்கும், அது பிழைப்பதில்லை. கீழ்ப்பக்கம் மூடாவிடின் முதுகுத்தண்டு பிளவுற்று, கால்களின் இயக்கமும் சிறுநீர்க் கட்டுப்பாடும் வாழ்நாள் முழுவதும் பாதிக்கப்படலாம். இருபத்தெட்டாம் நாளுக்குப் பின் உண்ணும் மருந்து எதுவும் மூடாத குழாயை மூடச்செய்வதில்லை.

இங்கு நாட்கணக்கில் ஒரு மயக்கம் நேர்வதுண்டு. இதுவரை நாம் கூறிய நாள்கள் கருவுற்ற நாளிலிருந்து எண்ணப்பட்டவை. மருத்துவ நிலையத்தில் எழுதப்படும் வாரக்கணக்கோ கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. ஆதலால், ‘நான்கு வாரக் கரு’ என்று அட்டையில் எழுதப்படும்போது கருவின் உண்மை வயது இரண்டு வாரமே. ஓர் எடுத்துக்காட்டு காண்போம். ஒரு பெண்ணின் கடைசி மாதவிலக்கு மார்ச் 1ஆம் நாள் தொடங்கியது எனக் கொள்வோம். இருபத்தெட்டு நாள் சுழற்சி உடையவராயின், ஏறத்தாழ மார்ச் 15இல் கருவுறுவார். மார்ச் 29இல் அவருக்கு நாள் தள்ளுகிறது. மறுநாளளவில் முதற்கோடு தோன்றுகிறது. ஏப்ரல் 12அளவில் நரம்புக் குழாய் முழுமையாக மூடியாக வேண்டும். ‘இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம்’ என்று காத்திருந்து, ஏப்ரல் இறுதியிலும் விலக்கு வராததால், மே மாதத்தில் அவர் கிளினிக்கிற்குச் சென்று இளஞ்சிவப்புப் புத்தகத்தைப் பெற்றுக்கொள்கிறார் எனின், மிஸி கையில் தரும் ஃபோலிக் அமில மாத்திரை வேறு வகைகளில் பயன்படினும் நரம்புக் குழாயைப் பொறுத்தவரை இரண்டு வாரத்திற்கும் மேலாகக் காலந்தாழ்ந்தது.

நம் இலக்கிய மரபு கருவைத் திங்கட்கணக்கில் எண்ணிற்று. திருவாசகத்தின் போற்றித் திருவகவலில் மாணிக்கவாசகர், தாய் வயிற்றில் உயிர் திங்கள்தோறும் எதிர்கொண்டு தப்பிய இடர்களை அடுக்கிச் செல்கிறார். திருமந்திரத்தின் இரண்டாம் தந்திரத்தில் கர்ப்பக் கிரியை என்றே ஒரு பகுதி உண்டு. இவற்றில் இன்றைய கருவியல் முழுவதும் அடங்கியுள்ளது என வாதிடுவாருளர். அவ்வாதம் அறிவியலுக்கும் நன்மை செய்யாது, அவ்விலக்கியங்களுக்கும் நன்மை செய்யாது என்பது எம் கருத்து. அவை பிறவியின் அருமையை உணர்த்த எழுந்தவை. எனினும் மணிவாசகர் முதல் திங்களையே இடர்களின் வரிசையில் வைத்து எண்ணியிருப்பது நோக்கத்தக்கது. வயிறு தெரியாத காலத்தைப் பொருட்படுத்தாது விடும் இன்றைய வழக்கத்தினும் அது நுட்பமான பார்வை.

ஃபோலிக் அமிலத்தின் வரலாறு பிரிஞ்சாங்கைப் போன்றே தேயிலை விளையும் மற்றொரு மலையூரோடு தொடர்புடையது. ஆங்கிலேய மருத்துவரான லூசி வில்ஸ் 1928இல் இந்தியா சென்று, பம்பாய் ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் கருவுற்ற பெண்களை வாட்டிய கடும் குருதிச்சோகையை ஆராய்ந்தார். 1929இல் சில திங்கள் நீலகிரியின் குன்னூரில் உள்ள பாஸ்டர் நிலையத்தில் அவ்வாய்வைத் தொடர்ந்தார். கேமரன் மலையில் ஜே. ஏ. ரஸ்ஸல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தை நிறுவியதும் அதே ஆண்டில்தான். 1931இன் தொடக்கத்தில் வில்ஸ் பணியாற்றிய இடம் சென்னைத் திருவல்லிக்கேணியின் கோஷா ஆஸ்பத்திரி. இன்று அது கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. வறிய பெண்களின் உணவையே எலிகளுக்கும் குரங்குகளுக்கும் தந்து பார்த்த அவர், அந்நோயை மார்மைட் என்னும் மலிவான ஈஸ்ட் சாறு தீர்ப்பதைக் கண்டறிந்து 1931இல் வெளியிட்டார். சாற்றில் உள்ள பொருள் எது என அப்போது தெரியவில்லை. ‘வில்ஸ் காரணி’ எனப்பட்டது. 1941இல் அமெரிக்காவில் பசலைக்கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஒரு பொருளுக்கு, இலை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்னும் பெயர் இடப்பட்டது. வில்ஸ் தேடியது இவ்வகைப் பொருளையே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1945இல் அதனைச் செயற்கையாக ஆக்கிய லெடர்லி ஆய்வகக் குழுவை வழிநடத்தியவர் எல்லப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் 1895இல் பிறந்த அவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர்.

வில்ஸ் குணப்படுத்தியது தாயின் குருதியை. அதே பொருளின் குறைபாடு கருவின் நரம்புக் குழாயையும் பாதிக்கும் என்னும் ஐயம் 1960களில் இங்கிலாந்தில் எழுந்தது. உயிரணு பிளவுறும் ஒவ்வொரு முறையும் தன் மரபுப்பொருளைப் படியெடுக்க வேண்டும். அதற்கு ஃபோலேட் இன்றியமையாதது. மூன்றாம் நான்காம் வாரங்களில் கருவின் அணுக்கள் பெருவிரைவில் பிளவுறுவதால் தேவையும் மிகுகிறது. இவ்வையம் உறுதியாக 1991 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏழு நாடுகளில் 33 மையங்களில், முன்னர் இக்குறையுள்ள குழந்தையைக் கருவுற்ற 1,817 பெண்களிடம் பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வு மன்றம் நடத்திய ஆய்வில், கருவுறுவதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் உட்கொண்டோரிடம் மீண்டும் அக்குறை நேர்வது 72 விழுக்காடு குறைந்தது. குன்னூரிலிருந்து இம்முடிவை எட்ட அறுபத்திரண்டு ஆண்டுகள் ஆயின.

பிரிஞ்சாங்கில் கீரைக்குப் பஞ்சமில்லை. எனினும் ஃபோலேட் நீரில் கரைவது, வெப்பத்தில் அழிவது. கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துக் கொட்டும் வழக்கத்தில் அதன் பெரும்பங்கு வீணாகிறது. நன்கு சமைப்பினும் உணவை மட்டும் நம்பியிருத்தல் போதாது என்பதே மருத்துவர் கருத்து. கருவுற வாய்ப்புள்ள பெண்கள் நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தை, கருவுறுவதற்குக் குறைந்தது ஒரு திங்கள் முன்பிருந்து, மருத்துவக் கணக்கில் பன்னிரண்டாம் வாரம் வரை உட்கொள்ளுமாறு அறிவுறுத்தப்படுகின்றனர். ஆகவே இச்செய்தி சென்று சேர வேண்டிய இடம் தாய்மார் வரிசையில் காத்திருக்கும் கிளினிக் மட்டுமன்று. திருமணப் பேச்சு நடக்கும் வீடும், அடுத்த குழந்தையைப் பற்றி எண்ணத் தொடங்கும் தாயும் அதனை அறிதல் வேண்டும். நாள் தள்ளியதை உணர்ந்த பின்னரே கேள்வியுற்றவர், அன்றே தொடங்கினால் ஏறத்தாழ இரண்டு வார அவகாசம் எஞ்சியிருக்கிறது. முன்னர் இத்தகைய குறையுள்ள குழந்தையைப் பெற்றவருக்கும், நீரிழிவு உள்ளவருக்கும், வலிப்பு நோய்க்கு மருந்துண்போருக்கும் வேண்டிய அளவு இதனினும் பன்மடங்கு மிகுதியாகலாம்; அதனை மருத்துவரே வரையறுப்பார்.