பிழையேடும் நிரலேடும்

கணிப்பொறி நிரலில் நேரும் பிழைக்குப் ‘பக்’ என்று பெயர். பூச்சி என்பது அதன் பொருள். 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள், அமெரிக்காவில் ஹார்வர்டு மார்க்-2 கணிப்பொறியின் ரிலே ஒன்றில் அந்துப்பூச்சி ஒன்று சிக்கியிருக்கக் கண்டனர். அதை எடுத்து அன்றாடக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தனர். (அச்சொல் அதற்கும் முந்தியது, பெயர் அன்றுதான் பிறந்தது என்பது சரியன்று.) எனக்கு வியப்பளிப்பது பூச்சியன்று, அதை ஒட்டிய இடமே. இயந்திரத்தின் நடப்பை எழுதிய ஏட்டிலேயே அதன் பழுதும் ஏறியது.

இன்று இவ்விரண்டும் பெரும்பாலும் பிரிந்தே இருக்கின்றன. நிரலில் யார், எப்போது, எதை மாற்றினார் என்பதைக் காத்து வைப்பது பதிப்புக் கட்டுப்பாடு. 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய ‘கிட்’ இவ்வகையில் புகழ் பெற்றது. பிழைப் பட்டியலோ வேறோரிடத்தில் கிடக்கும்.

அதனால் என்ன கேடு? வங்கி ஒன்றின் வட்டிக் கணக்கு நிரல் இரு கிளைகளாக வளர்கிறது என்று கொள்வோம். முதற்பதிப்பு பயன்பாட்டில் உள்ளது. இரண்டாம் பதிப்பு உருவாகி வருகிறது. பிழையை இரண்டாவதில் மட்டும் திருத்திவிட்டு, பட்டியலில் ‘தீர்ந்தது’ என்று எழுதிவிடுகிறார்கள். முதற்பதிப்போ அதே தவறான வட்டியைப் போட்டுக்கொண்டிருக்கும்.

அப்படியானால் பிழைக் குறிப்பையும் ஒரு கோப்பாக்கி, நிரலோடு சேர்த்து வைத்தாலென்ன? ‘பக்ஸ் எவ்ரிவேர்’ என்னும் கருவி அதைத்தான் செய்தது. திருத்தமும் குறிப்பும் ஒரே பதிவில் சேரும். ஒவ்வொரு கிளையும் தன் நிலையைத் தானே சொல்லும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்று கண்ட பிழை ஓராண்டுக்கு முன்பே புகுந்திருக்கலாம். அப்போது பிரிந்த பழைய கிளைகளில் பிழை இருக்கும், குறிப்பு இராது! மேலும், நிரல் அறியாத பயனாளர் தம் குறையை அக்கோப்பில் எப்படி எழுதுவார்?

எஸ்க்யூலைட் தரவுத்தளத்தைப் படைத்த ரிச்சர்டு ஹிப் தமது ‘ஃபாசில்’ கருவியில் நடுவழி கண்டார். பிழைச்சீட்டுகள் நிரல் வரலாற்றோடு ஒரே களஞ்சியத்தில் இருக்கும். ஆனால் எந்தக் கிளைக்கும் உட்பட்டிரா. சீட்டில் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் நேரம் குறித்த தனிப் பதிவு. அவற்றை வரிசையாகக் கோத்தால் சீட்டின் இன்றைய நிலை கிடைக்கும். இருவர் தனித்தனியே எழுதியிருந்தாலும் இரண்டும் நிற்கும். பயனாளரும் உலாவி வழியே சீட்டு எழுதலாம். எஸ்க்யூலைட்டின் நிரல் 2009 முதல் ஃபாசிலிலேயே இருக்கிறது. ‘கிட்-பக்’ என்னும் கருவியும் ஏறக்குறைய இவ்வழியையே கிட்டுக்குள் கொண்டு வந்தது.

எந்தக் கிளையில் பிழை தீர்ந்தது என்பதை மட்டும் ஃபாசில் தானாகக் கண்டு சொல்லாது. திருத்தியவர் தம் பதிவுக் குறிப்பில் சீட்டின் எண்ணை எழுதினால் இரண்டும் இணையும். அதைக் கண்டு, அத்திருத்தம் எந்தக் கிளையில் நிகழ்ந்தது, எதில் இன்னும் நிகழவில்லை என்று எவரும் பார்த்துக் கொள்ளலாம். அவர் எழுத மறந்தால், வட்டிக் கணக்கின் கதைதான்.