மரக்கட்டையில் வெட்டிய வீரன்

அம்பத்தூர் பழைய பேப்பர்க் கடையில் பெரிய எழுத்து மதுரைவீரன் கதை ஒன்று அகப்பட்டது. மட்டமான தாள். வாளோடு வீரன், இருபுறமும் பொம்மியும் வெள்ளையம்மாளும். மரக்கட்டையில் இடவலம் மாற்றிச் செதுக்கி, ஈய எழுத்தோடு சேர்த்து முடுக்கி, ஒரே கறுப்பு மையில் அடிக்கிற படவகை இது.

ஜப்பானில் இதே தொழில் நிறத்துக்கொரு கட்டை என்று பெருகியது. வீரர்களை வரைவதில் மட்டும் வில்லங்கம். ஹிதெயோஷியை வரைந்ததற்காக 1804இல் உதாமாரோவின் கைகளுக்கு 50 நாள் விலங்கு. அண்மைக்கால வீரர்களின் பெயரோ குலச்சின்னமோ போடக்கூடாதென்று ஆணை. 1827 வாக்கில் குனியோஷி சீனக் கதையின் 108 கலகக்காரர்களில் பலரை வரைந்து பேர் வாங்கினார். சிலர் பெயரைக் கொஞ்சம் திரித்துப் போட்டார்கள். ஆள் யாரென்று வாங்குகிறவனுக்குத் தெரியும்.

நம்மூரில் பெயர் அப்படியே இருக்கிறது, மாறியது பிறப்பு. அருந்ததியர் தம் பிள்ளையென்று கும்பிடும் வீரன், அச்சுப் பிரதியில் காசி ராஜன் மகன். மாலை சுற்றிப் பிறந்ததால் காட்டில் விடப்பட்டவன். எடுத்து வளர்த்தவர்கள்தான் செருப்புத் தைக்கிறவர்கள். இதற்கு அரசாணை எதுவும் தேவைப்படவில்லை பாருங்கள்! ஆனாலும் இந்தக் கதையாடல் எல்லாவற்றையும் மூடிவிடவில்லை. பொம்மியை அழைத்துப் போனதற்காகத் துரத்திவந்த படையும், மதுரையில் வாங்கப்பட்ட மாறுகால் மாறுகையும் அதே பிரதிக்குள் கிடக்கின்றன. ராஜகுமாரனுக்கு நடக்கிற காரியங்களா இவை?