லைன் லாக் பிடிக்கலையா? வால்வ் மாத்தறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

பெடலை மிதிச்சாச்சு. பட்டனை அழுத்தியாச்சு. ‘டக்’னு சத்தமும் வந்துச்சு. ஆனா காலை எடுத்துட்டு ஆக்ஸிலரேட்டர் கொடுத்தா, பின் சக்கரம் மட்டும் சுத்தாம காரே முன்னாடி நகருது. முன் பிரேக் லைன் லாக் பிடிக்கலைன்னு அர்த்தம். உடனே புது வால்வ் ஆர்டர் போடத்தான் கை போகும். கொஞ்சம் பொறுங்க. பல நேரம் பழுது வால்வ்ல இருக்காது.

லைன் லாக்னா என்ன?

டிராக் ரேஸ்ல கிளம்பறதுக்கு முன்னாடி பின் டயரை ஒரே இடத்துல சுத்தவிட்டுச் சூடேத்துவாங்க. சூடான டயருக்குப் பிடிமானம் அதிகம். அந்த நேரம் முன் சக்கரம் மட்டும் பூட்டியிருக்கணும். அதுக்காக மாஸ்டர் சிலிண்டருக்கும் முன் காலிப்பருக்கும் நடுவுல ஒரு சோலனாய்டு வால்வ் வைப்பாங்க. கரண்ட் இல்லாதப்ப அது திறந்திருக்கும், பிரேக் வழக்கம் போல வேலை செய்யும். கரண்ட் கொடுத்தா வழி அடைபட்டு, முன் பக்கம் போன அழுத்தம் அங்கேயே சிக்கிக்கும். 2015 மஸ்டாங் ஜிடி கார்ல ஏபிஎஸ் வால்வுகளை வெச்சே இதை மென்பொருள்ல பண்ணிட்டாங்க.

ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க. நம்ம ஊர்ல ஓடற சின்ன கார்கள்ல பெரும்பாலானது முன் சக்கர டிரைவ். அதுல முன் பிரேக்கைப் பூட்டி ஒரு பிரயோஜனமும் இல்லை.

சில சொட்டு போதும்

பிரேக் ஆயில் கிட்டத்தட்ட சுருங்கவே சுருங்காது. ஒரு கணக்கு போடுவோம். முன் லைன்ல 50 மில்லி ஆயில், அழுத்தம் 70 பார்னு வெச்சுக்கோங்க. ஆயிலோட பல்க் மாடுலஸ் சுமார் 1.7 ஜிகா பாஸ்கல்னா, அது சுருங்கறது வெறும் 0.2 மில்லிதான். அதாவது நாலு சொட்டு. ஹோஸும் காலிப்பரும் விரியறதைச் சேர்த்தா இன்னும் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். அந்தக் கொஞ்சம் ஆயில் வால்வ் வழியா பின்னாடி கசிஞ்சாலே மொத்த அழுத்தமும் போயிடும். தரையில ஒரு சொட்டு ஆயில்கூட இல்லாம லாக் விடறது இப்படித்தான்.

முதல் கேள்வி: சுத்துதா, சறுக்குதா?

கார் நகரும்போது தள்ளி நின்னு ஒருத்தர் முன் சக்கரத்தைப் பார்க்கட்டும். சக்கரம் சுத்தாம அப்படியே சறுக்கினா லாக் நல்லாத்தான் இருக்கு. ஈரத் தரை, தேஞ்ச முன் டயர் மாதிரி வேற காரணம். சக்கரம் சுத்தினா மட்டும் மேல படிங்க.

ஜாக் போட்டு ஒரு சோதனை

சமதளத்துல நிறுத்தி, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்க. முன் பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்ட்ல உக்கார வைங்க. ஜாக்கை மட்டும் நம்பாதீங்க. கியர் நியூட்ரல்ல இருக்கட்டும். பெடலை நல்லா மிதிச்சு, மிதிச்ச மாதிரியே பட்டனை அழுத்தி, அப்புறம் காலை எடுங்க. வரிசை முக்கியம். பட்டனை முதல்ல அழுத்தினா, அழுத்தம் முன்னாடி போற வழியே அடைபட வாய்ப்பு இருக்கு. இப்ப நண்பர் ரெண்டு முன் சக்கரத்தையும் கையால சுத்திப் பார்க்கட்டும்.

காலை எடுத்த உடனே ரெண்டும் சுத்துதா? வால்வ் மூடவே இல்லை, இல்லைன்னா தலைகீழா மாட்டியிருக்கு. இன்லெட் மாஸ்டர் சிலிண்டர் பக்கம், அவுட்லெட் காலிப்பர் பக்கம் இருக்கணும். மாத்தி மாட்டினா, சிக்கின அழுத்தமே பிளஞ்சரைத் தள்ளித் திறந்துடும்.

ஒரு சக்கரம் மட்டும் பிடிக்குதா? லைன் ரெண்டாப் பிரியற இடத்துக்கு அப்புறமா வால்வை வெச்சிருக்கீங்க. பிரியறதுக்கு முன்னாடி இருக்கணும்.

முதல்ல பிடிச்சு, மெதுவா விடுதா? அப்ப கசிவு. ஜாயின்ட், ஹோஸ், காலிப்பர் எல்லாத்தையும் துணியால துடைச்சுப் பாருங்க. வெளியே ஈரமே இல்லைன்னா வால்வ் சீட்ல தூசி உக்காந்திருக்கலாம். ஃபிளேர் ஜாயின்ட்ல டெஃப்ளான் டேப் சுத்தறவங்க கவனிங்க. அந்த ஜாயின்ட் உலோகத்துல உலோகம் அழுந்தித்தான் அடைபடுது, டேப்பே தேவையில்லை. பிஞ்ச டேப் துண்டு நேரா வால்வ் சீட்டுக்குத்தான் போகும்.

பெடல் ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்குதா? லைன்ல காத்து இருக்கு. மிதிக்கிற மிதி காத்தைச் சுருக்கறதுலயே போயிடும், காலிப்பருக்குப் போதுமான அழுத்தம் வராது. காத்தை எடுத்துட்டு மறுபடி சோதிங்க.

சத்தம் வருது, ஆனா பிடிக்கலை

‘டக்’ சத்தம் வந்தா பிளஞ்சர் நகருதுன்னு மட்டும்தான் தெரியும். இறுக்கிப் பிடிக்குதான்னு தெரியாது. பட்டன் அழுத்தியிருக்கும்போது மல்ட்டிமீட்டரை வால்வோட ரெண்டு முனையிலும் வைங்க. பட்டனை விட்டுட்டு பேட்டரியில அளந்தா உபயோகம் இல்லை. சோலனாய்டோட விசை, தோராயமா கரண்ட்டோட வர்க்கத்தைப் பொறுத்தது. 12 வோல்ட் வர வேண்டிய இடத்துல 9 வோல்ட் வந்தா கரண்ட் 75 சதவீதம், விசை சுமார் 56 சதவீதம்தான். மெல்லிசான வயர், துருப்பிடிச்ச எர்த் பாயின்ட் ரெண்டையும் சந்தேகப்படுங்க.

முதல் தடவை நல்லாப் பிடிச்சு, நாலாவது தடவை விட்டா காயில் சூடாகியிருக்கும். செம்போட மின்தடை ஒரு டிகிரிக்கு சுமார் 0.4 சதவீதம் ஏறும். 60 டிகிரி கூடுதலா சூடானா தடை 24 சதவீதம் ஏறும், விசை மூணுல ரெண்டு பங்கா குறையும். பட்டனை ரொம்ப நேரம் பிடிக்காதீங்க.

இதை பார்க்கிங் பிரேக்கா நம்பாதீங்க

இதுக்காகத்தான் இந்தக் கட்டுரையே எழுதினேன். மாத்தூர், மணலி பக்கம் வரிசையா நிக்கிற கண்டெய்னர் டிரெய்லரைப் பாருங்க. அதுல பார்க்கிங் பிரேக்கைப் பிடிக்கிறது ஸ்பிரிங். காத்தழுத்தம் வந்து ஸ்பிரிங்கை அமுக்கினாத்தான் பிரேக் விடும். காத்து போனா வண்டி நின்னுடும். லைன் லாக் இதுக்கு நேர் எதிர். வயர் கழண்டாலோ, ஃபியூஸ் போனாலோ, நாலு சொட்டு கசிஞ்சாலோ பிரேக் விட்டுடும். அதை நம்பிக் காருக்கு அடியில படுக்காதீங்க. சரிவுல நிறுத்தவும் செய்யாதீங்க.

சோதனை முடிஞ்சதும் ஓட்டிப் பார்க்கவும் இடம் வேணும். செங்குன்றம் தாண்டி சோழவரத்துல இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்துலதான் ஒரு காலத்துல மெட்ராஸ் ரேஸ் நடந்துச்சு. இப்ப அது இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குப் போயாச்சு, டிராக் ரேஸும் அங்க நடக்குது. ராத்திரி எண்ணூர் பக்கம் ரோடு காலியா இருக்கேன்னு இறங்கிடாதீங்க. மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவுப்படி பொது ரோட்டுல ரேஸ் விட்டா முதல் தடவையே 3 மாசம் வரை சிறை, இல்லைன்னா 5,000 ரூபாய் வரை அபராதம், இல்லைன்னா ரெண்டும்.

எல்லாம் பார்த்தும் பிடிக்கலையா? அப்ப வால்வைக் கழட்டுங்க. லைனை நேரா இணைச்சு, காத்து எடுத்து, சாதாரண பிரேக் சரியா பிடிக்குதான்னு முதல்ல பாருங்க. அது சரின்னா பழுது வால்வ்லதான். இப்ப தாராளமா ஆர்டர் போடுங்க.