ராகி கேக்: விற்பனையே முதல் வேலை

தக்காளி பயிரிடும் விவசாயிக்கு ஒன்று நன்றாகத் தெரியும். பறித்த காயை வைத்திருந்து விற்க முடியாது. விலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்றோ மறுநாளோ சந்தைக்கு அனுப்பியாக வேண்டும். தருமபுரி மாவட்டம் பாலக்கோடு வட்டத்தில், மாரண்டஹள்ளியைச் சுற்றியுள்ள ஊர்களில் இந்த அனுபவம் பலருக்கும் உண்டு. வீட்டில் கேக் தயாரித்து விற்பதும் இதே வகையைச் சேர்ந்த தொழில்தான். கிரீம் பூசாத கேக் மூன்று, நான்கு நாட்களுக்குள் விற்றாக வேண்டும். கிரீம் பூசியதென்றால் குளிர்பெட்டியில் வைத்தும் இரண்டு நாள் தாங்கினால் பெரிது. ஆனால் தக்காளிக்கு இல்லாத ஒரு வசதி கேக்குக்கு உண்டு. முதலில் விற்றுவிட்டுப் பிறகு தயாரிக்கலாம். இந்த வசதியைப் பயன்படுத்திக் கொள்ளும் குடும்பத்துக்கே இத்தொழிலில் கையில் காசு மிஞ்சும்.

ராகி இருக்கிறது என்பதற்காகவா?

மானாவாரி ராகி விளையும் இப்பகுதியில், “மாவு வீட்டிலேயே இருக்கிறது, கேக் செய்தால் செலவு மிச்சம்” என்று நினைத்துத் தொடங்க விரும்புவோர் உண்டு. இந்தக் கணக்கைச் சற்று நிதானமாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அரைக் கிலோ கேக்குக்கு ராகி மாவு 65 கிராம், மைதா 65 கிராம், சர்க்கரை 130 கிராம், எண்ணெய் அல்லது வெண்ணெய் 110 கிராம், முட்டை இரண்டு, கொஞ்சம் பால் என்பது ஏறத்தாழ சரியான அளவு. கோதுமையில் உள்ள பசைப் புரதம் ராகியில் இல்லை. அதனால் ராகி மாவை மட்டும் கொண்டு செய்த கேக் துண்டு போடும்போதே உதிர்ந்து விடும். பாதிக்குப் பாதி மைதா சேர்ப்பது தொடக்கத்தில் நல்லது. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு ராகிக்கு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு ரூ.4,886. அந்த விலையில் 65 கிராம் ராகியின் மதிப்பு மூன்று ரூபாய் சொச்சம்தான். வாரம் பத்து கேக் விற்றாலும் ஆண்டு முழுவதற்கும் செலவாகும் ராகி 34 கிலோ. அரை மூட்டைகூட இல்லை.

ஆகவே விளைந்த ராகியை விற்பதற்கு கேக் ஒரு வழியாகாது. ராகியால் கேக்கின் செலவும் அதிகம் குறைந்து விடாது. அது கேக்குக்கு ஒரு பெயரைத் தருகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெயர் சின்ன விஷயம் அல்ல. மைதா கேக் எல்லா பேக்கரியிலும் கிடைக்கிறது. விலையில் அவர்களோடு வீட்டுப் பெண்கள் போட்டியிட முடியாது. “எங்கள் கொல்லையில் விளைந்த ராகி” என்று பேக்கரிக்காரர் சொல்ல முடியாது. விளம்பரத்துக்குக் கிடைத்த முதல் சரக்கு அதுதான்.

அந்தப் பேச்சைக் காப்பாற்ற வேண்டுமானால் ராகியும் சுத்தமாக இருக்க வேண்டும். கதிரைத் தார்ச்சாலையில் பரப்பி வண்டிச் சக்கரத்தில் அடிக்கும் வழக்கம் இம்மாவட்டத்தில் பரவலாக உள்ளது. களிக்கும் கூழுக்குமே பல்லில் மண் நெறநெறக்கும். கேக்கில் அது ஒரு தடவை அகப்பட்டால் வாங்கியவர் திரும்பி வரமாட்டார். கேக்குக்கென்று கொஞ்சம் கதிரைத் தனியாகச் சுத்தமான களத்தில் அடித்து, கல் நீக்கி, கழுவிக் காயவைத்து, நைசாக அரைத்துச் சலித்து வைத்துக் கொள்ள வேண்டும்.

விலை வைப்பது

பொருட்களின் விலை நாளுக்கு நாள் மாறும். எடுத்துக்காட்டாக, எண்ணெய் சேர்த்த அரைக் கிலோ கேக்குக்கு எண்ணெய் ரூ.17, முட்டை ரூ.14, சர்க்கரை ரூ.6, ராகியும் மைதாவும் ரூ.7, பால் ரூ.4, பேக்கிங் பவுடரும் எசென்ஸும் ரூ.5, அட்டைப் பெட்டி ரூ.15, எரிவாயு ரூ.10 என்று வைத்துக் கொண்டால் ரூ.78 ஆகிறது. எண்ணெய்க்குப் பதில் வெண்ணெய் என்றால் இன்னும் நாற்பது ரூபாய்க்கு மேல் கூடும். பெரும்பாலான வீடுகளில் கணக்கு இத்தோடு நின்று விடுகிறது. செய்கிறவரின் உழைப்புக்கு எதுவும் எழுதுவதில்லை. களை எடுக்கப் போனால் கூலி உண்டு. அதே கை மாவு கலக்கினால் கூலி இல்லையா? உழைப்புக்கு ரூ.40, சாம்பிளுக்கும் சேதாரத்துக்கும் ரூ.8 சேர்த்தால் அடக்கவிலை ரூ.126. ரூ.160-க்கு விற்றால் மிஞ்சுவது ரூ.34.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு கேக் கடனாகப் போய்ப் பணம் வராவிட்டால், அந்த நட்டத்தை ஈடுகட்ட ஏறத்தாழ நான்கு கேக் விற்க வேண்டும். பெயர் எழுதிய பிறந்தநாள் கேக்கை வாங்க வராமல் விட்டாலும் அதே நட்டம்தான். ஒரு குழந்தையின் பெயர் எழுதியதை இன்னொரு குழந்தைக்குக் கொடுக்க முடியாது. எனவே ஆர்டர் கொடுக்கும்போதே பாதிப் பணம் வாங்கி விட வேண்டும். அக்கம் பக்கத்தாரிடம் முன்பணம் கேட்பது கூச்சமாக இருக்கும் என்பது உண்மையே. பங்காளி வீடானாலும் சம்பந்தி வீடானாலும் ஒரே முறை என்று முதல் நாளிலிருந்தே வைத்துக் கொண்டால் பிறகு சங்கடம் இல்லை.

முதல் வாடிக்கையாளர்கள்

இந்தியாவில் கிறிஸ்துமஸ் கேக் முதன்முதலில் 1883-இல் தலச்சேரியில் மாம்பள்ளி பாபு என்பவரால் செய்யப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. தோட்ட முதலாளியான மர்டாக் பிரவுன் இங்கிலாந்திலிருந்து வந்த கேக் ஒன்றை அவருக்குச் சுவைக்கக் கொடுத்து, அதுபோல் செய்து தரச் சொன்னாராம். செய்தது பிடித்துப்போய் மேலும் ஒரு டஜன் கேட்டாராம். ஆர்டரின் பேரில்தான் அந்த முதல் கேக்கே செய்யப்பட்டது. சுவை பார்த்த பிறகுதான் அடுத்த ஆர்டரும் வந்தது.

மாரண்டஹள்ளியில் தொடங்குகிறவருக்கும் அந்த வரிசைதான் பொருந்தும். பெயர்ப்பலகை, பேனர், ஆட்டோவில் ஒலிபெருக்கி ஆகியவற்றுக்கு முதல் மாதத்தில் ஒரு பைசாவும் செலவிட வேண்டியதில்லை. அரைக் கிலோ கேக் ஒன்றை இருபது துண்டாக நறுக்கினால் இருபது பேருக்குச் சுவை காட்டலாம். கைப்பணச் செலவு மேலே கண்ட ரூ.78-தான். கையில் வாங்கிய நோட்டீஸைப் பலர் படிக்காமலே போடுவார்கள். கேக் துண்டை யாரும் போட மாட்டார்கள்.

சுவை காட்ட நல்ல இடம் மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டம். தமிழ்நாட்டில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு சுயஉதவிக் குழுக்கள் 1989-இல் தொடங்கியதே அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான். இன்று குழு இல்லாத சிற்றூரைப் பார்ப்பது அரிது. பத்துப் பதினைந்து குடும்பத்துப் பெண்கள் ஒரே இடத்தில் கூடுகிறார்கள். இனிப்பு கூடியிருக்கிறதா, அடி தீய்ந்திருக்கிறதா என்று முகத்துக்கு நேரே சொல்லவும் அவர்கள் தயங்க மாட்டார்கள். அடுத்து பள்ளி ஆசிரியர்கள், வங்கி, அஞ்சலகம், சுகாதார நிலையம் போன்ற இடங்களில் வேலை செய்வோர். மாதச் சம்பளக்காரர் வீட்டில் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவது இப்போது வழக்கமாகி விட்டது.

சுவை பார்த்தவரிடம் இரண்டு விவரம் கேட்டு ஒரு நோட்டில் எழுத வேண்டும்: பிள்ளைகளின் பிறந்த தேதி, தொலைபேசி எண். விருப்பமுள்ளவர் சொல்வார்கள், சொல்லாதவரை வற்புறுத்தக் கூடாது. நோட்டை மாதவாரியாகப் பிரித்துக் கொண்டு, பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்னதாக ஒரு போன் செய்தால் போதும். நூறு குழந்தைகளின் தேதி கையில் இருந்தால் சராசரியாக வாரத்துக்கு இரண்டு பிறந்தநாள் வருகிறது. இத்தொழிலில் இதைவிட மலிவான விளம்பரம் இல்லை.

டீக்கடைகளில் துண்டு கேக் போடுவதைச் சற்றுத் தள்ளிப் போடுவது நல்லது. கடைக்காரர் கமிஷன் எடுப்பார், விற்காததைத் திருப்புவார், பணம் வாரக் கடைசியில் என்பார். நட்டம் முழுவதும் தயாரிப்பவர் தலையில் விழும். கிரீம் கேக்கையும் உள்ளூரோடு நிறுத்திக் கொள்ள வேண்டும். பஞ்சப்பள்ளிக்கோ இராயக்கோட்டைக்கோ பஸ்ஸில் போகும் ஆர்டருக்குக் கிரீம் இல்லாத கேக்கே ஏற்றது.

விளம்பரத்தில் சொல்லக் கூடியதும் கூடாததும்

வாட்ஸ்அப்பில் படம் அனுப்பும்போது சொந்தமாகச் செய்த கேக்கின் படத்தையே அனுப்ப வேண்டும். வேறெங்கோ எடுத்த அலங்காரக் கேக்கின் படத்தைக் காட்டி ஆர்டர் பிடித்தால் பெட்டியைத் திறக்கும்போது சண்டைதான். பகல் வெளிச்சத்தில், ஒரு துண்டை வெட்டி உட்புறம் தெரியும்படி எடுத்த படம் போதும். எடை, விலை, எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும் ஆகிய மூன்றும் படத்தோடு இருக்கட்டும். இப்பகுதியில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் உண்டு. அவர்களிடம் அவர்கள் மொழியில் நாலு வார்த்தை பேசுவதும் விளம்பரம்தான்.

ராகி என்றதும் “சுண்ணாம்புச்சத்து நிறைந்தது” என்று எழுதத் தோன்றும். நூறு கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருப்பது உண்மை. ஆனால் அரைக் கிலோ கேக்கில் உள்ள ராகி 65 கிராம். கேக்கைப் பத்துத் துண்டு போட்டால் ஒரு துண்டில் ராகியிலிருந்து சேர்வது இருபது மில்லிகிராம் அளவே. அரை டம்ளர் பாலில் இதைப் போல் பல மடங்கு கிடைக்கும். “சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்றது” என்பது இன்னும் பெரிய தவறு. சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போட்டாலும் இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தான் செய்யும். நோய் தீரும் என்று உணவுப் பொருளுக்கு விளம்பரம் செய்வதைச் சட்டமும் தடுக்கிறது. வயலுக்கு யூரியா போட்டிருந்தால் “இயற்கை ராகி” என்று எழுதக் கூடாது. வனஸ்பதி சேர்த்துவிட்டு “வெண்ணெய் கேக்” என்று சொல்வதும் கூடாது. “மாரண்டஹள்ளி ராகி கேக், மைதா சேர்ந்தது, நேற்றுச் செய்தது” என்று உள்ளபடி எழுதினாலே வாங்குகிறவர் வாங்குவார்.

வீட்டில் செய்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்வது அவசியம். ஆண்டு விற்பனை ரூ.12 இலட்சத்துக்கு உட்பட்ட சிறு தயாரிப்பாளருக்கு உரிமத்துக்குப் பதிலாக எளிய பதிவு முறையை 2011-ஆம் ஆண்டு விதிகள் வகுத்தன. கிடைக்கும் 14 இலக்க எண்ணைப் பெட்டியில் அச்சிட வேண்டும். தயாரித்த தேதியும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்பதும் உடன் இருக்க வேண்டும். முட்டை சேர்ந்த கேக்குக்குப் பச்சைப் புள்ளி போடக் கூடாது. அசைவத்துக்கு உரிய பழுப்பு நிற முக்கோணக் குறியே அதற்கு உரியது. புரட்டாசியிலும் சனிக்கிழமைகளிலும் முட்டை தொடாத வீடுகள் பல. அவர்களுக்கு முட்டையில்லாக் கேக்கைத் தனிப் பாத்திரத்தில் செய்து கொடுத்தால் அந்த மாதத்தில் வியாபாரம் படுக்காது. பிளாஸ்டிக் பை கூடாது. 2019 ஜனவரி முதல் அதற்குத் தமிழ்நாட்டில் தடை உள்ளது.

எப்போது தொடங்கலாம்?

ஆடியில் விதைத்த மானாவாரி ராகி கார்த்திகை, மார்கழியில் வீடு வந்து சேரும். கிறிஸ்துமஸும் ஆங்கிலப் புத்தாண்டும் அதையொட்டியே வருகின்றன. கேக் கேட்பவர் அதிகமாக இருக்கும் காலம் அது. ஐப்பசியிலேயே சுவை காட்டத் தொடங்கி, நவம்பர் கடைசிக்குள் ஆர்டர் எழுதிக் கொண்டால் மாவுக்கும் பெட்டிக்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்யலாம்.

ஓவன் வாங்க அவசரம் வேண்டாம். கனமான குக்கரில் ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, தண்ணீர் ஊற்றாமல், அடியில் உப்பைப் பரப்பி, அதன் மேல் ஒரு தாங்கி வைத்துச் சூடாக்கினால் அரைக் கிலோ கேக் நன்றாக வேகும். தொடர்ந்து மூன்று மாதம் வாரத்துக்குப் பத்து ஆர்டர் வந்து, குக்கரில் செய்து மாளவில்லை என்ற நிலை வந்த பிறகு சிறிய மின்சார ஓவன் வாங்கலாம். மானியம் கிடைக்கிறது என்று பெரிய ஓவனை முதலிலேயே கடனில் வாங்கினால், ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் தவணை மட்டும் மாதந்தோறும் வந்து நிற்கும். சிறுதானிய மாவுப் பண்டங்களைப் பற்றிய பயிற்சிக்குப் பாப்பாரப்பட்டி வேளாண்மை அறிவியல் நிலையத்தை அணுகிக் கேட்கலாம். போகும்போது வீட்டில் அரைத்த ராகி மாவில் ஒரு கிலோ எடுத்துச் சென்றால், அந்த மாவுக்கு மைதா எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதையும் அங்கேயே கேட்டுத் தெரிந்து வரலாம்.